தொப்பி நிழல்

புதிதாக வந்த தாள் வகைகளில் ஐந்தை ஜன்னலோர மேசையில் பரப்பி வைக்கிறார் படம் அச்சடிப்பவர். ஐந்திலும் ஒரே கருப்பு வெள்ளைப் படம்: தொப்பி நிழலில் முகம் பாதி மறைந்த ஒரு மனிதர். ஒரு தாளில் கருப்பு, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இன்னொன்று கண் கூசப் பளபளக்கிறது. பருத்தித் தாளில் மட்டும் மை வெல்வெட் போலப் படிந்திருக்கிறது. படத்திலிருப்பவரின் மனைவி ஒவ்வொன்றையும் முகத்தருகே தூக்கிப் பார்க்கிறாள். "சட்டைப் பொத்தான்ல நூலுகூடத் தெரியுது. கண்ணு மட்டும் தெரியலையே அண்ணே. அவரு போனப்புறம் எங்கிட்ட இருக்கிறது இந்த ஒண்ணுதான்." புதுப் பேப்பரில் நிழலெல்லாம் துலங்கிவிடும் என்று போன வாரம் வாய் சும்மா இல்லாமல் சொன்னவர் அச்சடிப்பவர்தான். கேமரா பிடிக்காத கண்ணை எந்தத் தாள் கொடுக்கும்? சொல்லிவிட வாயெடுக்கிறார். அதற்குள் அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அடுத்த பேப்பரப் போடுங்கண்ணே" என்கிறாள். அவர் ஆறாவது தாள்கட்டைப் பிரிக்கிறார்.