புருஷோத்தமனின் மாக் டிரில்

புருஷோத்தமன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐந்துக்கு இறந்துபோனார்.

பத்து மணிக்கே இறந்திருக்க வேண்டியவர். மகன் லோகேஷ் போனில் ஸ்டாப்வாட்ச் எங்கே இருக்கிறது என்று தேடியதில் ஐந்து நிமிடம் வீணாகிவிட்டது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தவர் அவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிடிக்காத தீ பிடித்துவிட்டதாகச் சைரன் அடிப்பார். ஆயிரம் பேர் வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவர வேண்டும். எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பெயர் மாக் டிரில்.

ஓய்வு பெற்ற பிறகு ஓடவைக்க ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது மனைவி ராஜாமணியும் லோகேஷும்தான்.

அதே கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்த சங்கரநாராயணன் ஆடி மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். எந்த பேங்கில் என்ன போட்டு வைத்திருந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி இன்னும் மறைமலை நகருக்கும் வாலாஜாபாத்துக்கும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த அலைச்சல் ராஜாமணிக்கு வரக் கூடாது.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு நீல ஃபைல் தயாரித்தார். பென்ஷன், இன்சூரன்ஸ், டெபாசிட், உயில். தனக்குப் பிறகு ராஜாமணி மாதம் எவ்வளவில் காலம் தள்ளலாம் என்றுகூட ஒரு தாள். அதில் 'மனைவியின் வருமானம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தார்.

இன்று அதற்குத்தான் டிரில். அரை மணி நேரத்துக்குள் அவள் ஃபைலை எடுத்து, யாருக்கு முதலில் தகவல் சொல்வது, எங்கே எதைக் கொடுப்பது என்று ஒப்பிக்க வேண்டும். அதுவரை இறந்தவர் பேச மாட்டார், கண் திறக்க மாட்டார்.

"இன்னாங்க, செத்தவரு காலாட்டிக்கினு கீறீங்க?" என்றாள் ராஜாமணி.

சோபாவில் கால் நின்றது.

பீரோ திறந்தது, மூடியது. நீல ஃபைல் வந்துவிட்டது. "நாலு நிமிஷம்," என்றான் லோகேஷ். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, பரீட்சைக்குப் படித்தவள்போல் தடுமாறாமல் சொன்னாள். புருஷோத்தமனுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பு வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கடைசித் தாளில் அவள் குரல் நின்றது. கோடு கிழித்த தாள்.

"லோகேஷு, கிரைண்டருக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை கீது. எட்துகினு வா."

மஞ்சள் பையா? அப்படி ஒன்று அவர் ஃபைலில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கிரைண்டர் அவருக்குத் தெரியும். தெற்கிலிருந்து வந்து செல்போன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்களின் ஹாஸ்டல் ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பதினோரு வருடமாக அங்கே ராஜாமணி இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள். பூ, வளையல் என்று கைச்செலவுக்கு ஆகும் என்பது அவருடைய எண்ணம். யாராவது கேட்டால், அவளுக்கும் பொழுது போக வேண்டாமா என்பார்.

பையிலிருந்து ஏதோ டீப்பாயில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மொத்தம் நான்கு தடவை.

"எல்லாம் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கு!" என்றான் லோகேஷ். பக்கம் புரட்டினான். பிறகு மெதுவாக விசில் அடித்தான்.

எவ்வளவு என்று கேட்க புருஷோத்தமனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவர் இறந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கண்ணை மட்டும் மயிரிழை அளவு திறந்து பார்த்தார்.

ராஜாமணி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தில் போட்டாள்.

துண்டுக்கு அடியில் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. பதினோரு வருடம்! பீரோ சாவியிலிருந்து பேங்க் பாஸ்வேர்டு வரை அவளிடம் கொட்டிவிட்டு அவர் பிணமாகப் படுத்திருக்கிறார். அவள் என்னவென்றால் கிரைண்டருக்குப் பின்னால் ஒரு தனி கஜானா நடத்தியிருக்கிறாள். யாருக்காக? சந்தேகமே இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் வருடத்துக்கு ஒரு பிசினஸ் திறந்து, அதே வருடம் மூடுகிற அவள் தம்பி அண்ணாதுரைக்குத்தான். எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டுவிட வேண்டும்.

"ம்மா," என்றான் லோகேஷ். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "நாலுலயும் நாமினி அப்பாதானே? டிரில் படி பாத்தா அவருதான் செத்துட்டாரே. அப்போ பேர மாத்தணுமே?"

ராஜாமணி பாஸ்புக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நான் முந்திக்குவேன்னு நெனச்சி எழுதனதுடா," என்றாள். "இவரு தனியா கஷ்டப்படக் கூடாதுன்னு."

துண்டுக்கு அடியில் செத்தவர் மூக்கை உறிஞ்சினார்.