கணையச் சீவலில் ஒரு கறுப்பு

காஜா பேராங் பள்ளி ஆய்வறையின் சன்னலோரம், 1958. நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியில் விழுந்த காலை வெயில் சிவகாமசுந்தரி டீச்சரின் கன்னத்தில் நடுங்குகிறது. அரை மணி நேரமாக அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவமனை ஆய்வுக்கூட உதவியாளர் காதர் மைதீன், வெள்ளிச் சாயத்தால் கறுத்த விரல்களைத் தேய்த்தபடி நிற்கிறார். பசாரில் வாங்கிய ஆட்டுக் கணையத்தை அவர்தான் மெல்லிதாகச் சீவிச் சாயமேற்றினார். சீவல் சரியென்று டீச்சர் நற்சான்றில் கையெழுத்திட்டால் அது அவருடைய சிங்கப்பூர் வேலை விண்ணப்பத்தோடு போகும். ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்கு அருகே ஒரு கறுப்பு வலை தெரிகிறது. அது செல்லின் ஓர் உறுப்பு என்கிறார் காதர்; செல் செய்யும் புரதங்கள் அங்கே சேர்ந்து, பிரிந்து, பொட்டலமாகி வெளியேறுகின்றனவாம். “வெள்ளி படிஞ்ச அழுக்கை உறுப்புன்னு சொல்றீங்களா பாய்?” “அழுக்குன்னா கண்டபடி கிடக்குமே டீச்சர். கண்வில்லையைத் திருப்பிப் பாருங்க.” அவள் திருப்புகிறாள்; வில்லையில் ஒட்டிய தூசி என்றால் கூடவே சுழலும், கறுப்பு அசையவில்லை. சீவலை நகர்த்துகிறாள், கூடவே நகர்கிறது. சிறு குழாயைச் சுற்றி வட்டமாக நிற்கும் செல்கள் அத்தனையிலும் கறுப்பு குழாய்ப் பக்கமே இருக்கிறது. புரதம் வெளியேறும் பக்கம். “அழுக்குக்கு வாசல் தெரியுமா?” என்கிறார் அவர் மெல்ல. அவள் நற்சான்றுக் கடிதத்தை இழுத்துப் பேனாவைத் திறக்கிறாள். முதல் எழுத்தைப் போட்டதும் கையை நிறுத்தி, இன்னொருமுறை குனிந்து பார்க்கிறாள்.