நாரை எழுதிய நோட்டீஸ்

கரடியின் செக்காலையில் சட்ட வேலைகளை நாரைதான் பார்த்துவந்தது. செக்கிழுத்த எருது அங்கேயே கால் முறிந்து, ஒரு வாரமாக வேலைக்கு வராமல் தொழுவத்தில் படுத்திருந்தது.

"சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான்னு எழுதி, இன்னைக்கே அவனை நிறுத்திடு," என்றது கரடி.

கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்ததால் நாரை எதிர்த்துப் பேசத் தயங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஐயா, கால் நம்ம செக்கடியிலதானே முறிஞ்சுது? விளக்கம்கூடக் கேக்காம நிறுத்தினா கோர்ட்டுல நாமதான் பதில் சொல்லணும்."

"நீ எனக்கு வக்கீலா, மாட்டுக்கு வக்கீலா?"

"உங்களுக்குத்தாங்க. அதனாலதான் சொல்றேன்."

"அப்படியா? முதல்ல உன்னை நிறுத்தி ஒரு நோட்டீஸ் எழுது."

நாரை பிழையில்லாமல் எழுதியது. ஓரிடத்தில் மட்டும் நிறுத்திக் கேட்டது.

"குற்றம்னு இருக்கிற இடத்துல என்ன எழுதட்டும், ஐயா?"

கரடி யோசித்துப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"காலியா விடு. அடுத்து வர்ற வக்கீல் எழுதிக்குவான்."