எடுத்து மாட்டாத கதவு

இந்தக் கதையை விடுதித் தோழி ஜெரோமினா சொன்னாள். அவளும் யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

ரத்தத்தோடு வந்த ஒரு சர்க்கரைத் துகள், ஒரு தசைச் செல்லின் சவ்வில் முட்டி நின்றது. உள்ளே போக வழியில்லை. பின்னாலிருந்து ரத்தம் தள்ளிக்கொண்டே இருந்தது. இப்படியே சுற்றினால் கடைசியில் சிறுநீரோடு வெளியே போகவேண்டியதுதான்.

பக்கத்தில் வந்த ஆக்சிஜன் சவ்வுக்குள் சட்டென்று நுழைந்தது.

"இன்னும் இங்கயா நிக்கிற? சும்மா உள்ள வாப்பா. நான் யாரையும் கேட்டதே இல்ல."

"நான் கொஞ்சம் பெருசுங்க" என்றது சர்க்கரை. ஆக்சிஜன் அதற்குள் போய்விட்டிருந்தது.

சர்க்கரை உடம்பை ஒடுக்கிப் பார்த்தது, திரும்பி நின்று பார்த்தது. அப்போது உள்ளேயிருந்து செல்லின் குரல் கேட்டது.

"பசி உயிர் போகுது. ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க."

"நான் வாசல்லயேதான் நிக்கிறேன்! கதவுதான் இல்ல."

"கதவா? எல்லாம் உள்ள பத்திரமா வெச்சிருக்கேன். சொன்னா எடுத்து மாட்டிடுவேன்."

"அதான் சொல்றேனே, மாட்டுங்க!"

"நீ சொன்னா ஆகாது. இன்சுலின் வந்து சொல்லணும். அதுதான் வழக்கம்."

ரத்தம் மறுபடி தள்ளியது. சர்க்கரையின் பிடி நழுவியது. எதிரே வந்த எல்லோரிடமும், "நீங்க இன்சுலினா? நீங்களா?" என்று கேட்டபடியே அது போனது.

பிறகு நான் பாடப்புத்தகத்தில் சரிபார்த்தேன். கதவுகள் உள்ளே இருப்பது உண்மைதான். ஆனால், இன்சுலின் வராவிட்டாலும், தசை வேலை செய்தாலே அவை சவ்வுக்கு வந்துவிடுமாம்.