அண்ணியின் கைராசி

"உங்க வீட்டுல உடையாத பொருள்னு ஏதாவது பாக்கி இருக்கா அண்ணி?"

நாத்தனார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்து மேஜையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின்மேல் டேபிள் ஃபேன் தலை வேறு கால் வேறாகக் கிடந்தது. எதிரே அவளுடைய அண்ணன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார். திருகாணி விழுந்தது. அதைத் தேடி மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள்.

"பைனாகுலர். அண்ணனுக்கு. ரிட்டையர் ஆன ஆம்பளைக்கு உருப்படியா ஒரு ஹாபி வேணும்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, பறவை பார்க்கறார். விடியறதுக்குள்ள கிளம்பிடறார்."

"ஆமாம். வீட்டுல இருந்தா உன்னையில்ல பார்க்கணும்" என்றாள் அண்ணி, காப்பியை நீட்டியபடி.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உடனே இருமலாக மாறிவிட்டது.

அண்ணன் ஹாபி தேடாதவர் இல்லை. பாட்டு கற்றுக்கொள்ளப் போனார். டீச்சரே வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். செடி வளர்த்தார், அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றியே எல்லாவற்றையும் அழுக வைத்தார். அண்ணியைப் படமாக வரைந்தார். பார்த்தவர்கள் எல்லாரும், அவருடைய பழைய ஆபீஸ் மேனேஜரை அப்படியே உரித்து வைத்திருப்பதாகப் பாராட்டினார்கள்.

அதற்கப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸையே கட்டி மேய்த்த மனிதர். தட்டு வைத்தால் சாப்பிட்டார். வைக்காவிட்டால் கேட்கவில்லை.

"மனசு எதுலயாவது ஒட்டணும். இல்லேன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்த டாக்டர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணி? இருந்தா இப்படிச் செய்வீங்களா? முதல்ல அயர்ன் பாக்ஸ். அப்புறம் காலிங் பெல். அப்புறம் டார்ச் லைட். இப்ப ஃபேன். நீங்க பாட்டுக்குப் போட்டு உடைச்சிட்டே இருந்தா, மனுஷன் ஹாபிக்கு எங்கே போவார்?"

அண்ணன் திருகாணியோடு வெளியே வந்தார். "நல்லாக் கேளும்மா. பைனாகுலர் ஜோராத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஏது நேரம்? இவ உடைக்கிற வேகத்துக்கு ஈடு கொடுக்கவே முடியலை."

"பேச்சு அப்புறம்" என்றாள் அண்ணி. "முடிஞ்சா மாட்டுங்க. முடியலேன்னா சொல்லுங்க, பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடறேன்."

"யாருக்கு முடியாது? எனக்கா?"

ஒரு ஒயரை இழுத்தார். எதையோ முறுக்கினார். பெண்கள் இருவரையும் எட்டி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் ஓடியது.

தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் பறக்க, கோட்டையைப் பிடித்தவர்போல் அதன் எதிரே நின்றார். பிறகு திரும்பி, "பசிக்குது. என்ன இருக்கு?" என்றார்.

"பார்த்தீங்களா, எப்படிக் களைச்சுப் போயிட்டார்!" நாத்தனார் உச்சுக்கொட்டினாள். "சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க அண்ணி. நீங்க கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்தாலே போதும். எங்க அண்ணன் நிம்மதியா ஒரு ஹாபி பழகிப்பார்."

"என்ன செய்யறது, என் கைராசி அப்படி" என்றாள் அண்ணி.

சாயங்காலம் நாத்தனாரை வழியனுப்ப அண்ணியும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய பை. அதன் வாயை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தாள்.

"பையில என்ன?"

"மிக்ஸி."

"அதையும் விடலையா நீங்க?" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஜன்னல் வழியாகவும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அறிவுரையாகத்தான் இருக்க வேண்டும்.

பஸ் திரும்பும் வரை நின்றிருந்த அண்ணி, தெருவைக் கடந்து எலக்ட்ரிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் மிக்ஸியை பிளக்கில் செருகினார். அது கடை அதிரும்படி ஓடியது. நிறுத்தினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"நல்லா ஓடுதே அக்கா! இதுல என்ன ரிப்பேர்?"

"அதுல ஒண்ணும் இல்லைப்பா. நீதான் ரிப்பேர் ஆக்கிக் கொடுக்கணும்" என்றாள் அண்ணி. குரல் தாழ்ந்தது. "ஷாக் அடிக்காத இடமாப் பார்த்துப் பண்ணு. ஆனா போன தடவை மாதிரி அவ்வளவு சுலபமா வேண்டாம். அவருக்கு ஒரு வாரமாவது வரணும்."