துணைக்கு ஒருவர்

"டாக்டரம்மா, எங்கப்பா பொழைப்பாரா, மாட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

ரவிச்சந்திரன் கேட்டதும் டாக்டர் கார்த்திகா அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நிக்கோபாரின் கச்சால் தீவு ஹெலிபேடு ஓரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. திறந்திருந்த பின்கதவு வழியாக, ஸ்ட்ரெச்சரில் கண்மூடிப் படுத்திருந்த அழகையா தெரிந்தார். ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர். இன்று விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருக்கிறார்.

"முதல்ல நீங்க உக்காருங்க. நின்னுகிட்டே பேச வேணாம்."

"நான் உக்காந்து என்னங்க ஆகப்போகுது? சாதாரண சளிக் காய்ச்சல்தானே! போன மாசம் எங்க வீட்டுல எல்லாருக்கும்தான் வந்துச்சு. எல்லாருக்கும் போயிருச்சு."

"காய்ச்சல் போயிருச்சு. வைரஸ் செஞ்ச வேலை போகல. நுரையீரலைப் புடிச்சது சில பேருக்கு இதயத்தையும் விடாது. தசை வீங்கிடும். இப்ப பாதி பலத்துலதான் இதயம் அடிச்சிட்டிருக்கு. கனமா எதையாவது தூக்கினா போதும், துடிப்பு தாறுமாறாகிடும். அப்படி ஆச்சுன்னா இங்க வச்சு என்னால காப்பாத்த முடியாது. போர்ட் பிளேர் பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

சுனாமியில் அம்மா போனதிலிருந்து ரவிச்சந்திரனுக்கு எல்லாம் அப்பாதான். பக்கத்துத் தீவான கமோர்ட்டாவில் சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும், பந்தியில் கை கழுவிய கையோடு போட் பிடித்துத் திரும்பிவிடுவான். அப்பாவை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டான். அப்படி ஒரு பிள்ளை.

தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை முந்திக்கொண்டால் ஹெலிகாப்டர் இறங்காமலே திரும்பிவிடும். போன வாரம் ஒரு பிரசவக் கேஸுக்கு அப்படித்தான் ஆயிற்று.

"தண்ணி குடு சுதா" என்று மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் திறந்தவன் முகம் சுளித்தான். "என்னாடி இது? எல்லாம் என் துணியா இருக்கு! அப்பாவோட வேட்டி எங்க?"

"அவசரத்துல... மாறிப்போச்சுங்க." சுதா பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அழுது அழுது அவள் கண்கள் வீங்கியிருந்தன. மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று ஆம்புலன்ஸ் டிரைவரே ஆச்சரியப்பட்டிருப்பார்.

உள்ளேயிருந்து அழகையாவின் குரல் ஈனமாக வந்தது. "ரவி... தனியா போக என்னால ஏலாதுடா. நீயும் வந்தாத்தான் நான் வருவேன்."

"வர்றேன்ப்பா. உங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமாப்பா. நீங்க பேசாதீங்க."

ஹெலிகாப்டரின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு தென்னைகளுக்கு மேலே அது தெரிந்தது. தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒருவழியாக இறங்கியபோது, காற்று திசை மாறி மழை வாசனை வந்துவிட்டது.

"ஜல்தி! ஜல்தி!" என்று வானத்தைக் காட்டி அவசரப்படுத்தினான் ஹெலிகாப்டர்காரன்.

ரவிச்சந்திரன் பாய்ந்து போய் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியில் கை வைத்தான்.

"தொடாதீங்க!"

டாக்டர் போட்ட சத்தத்தில் அவன் அதிர்ந்து நின்றுவிட்டான். ஊசி போடும்போதுகூடச் சிரித்துப் பேசுகிற டாக்டரம்மாவா இது? சுதா அவன் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போய் ஹெலிகாப்டர் வாசலில் வைத்தார்கள்.

"மெதுவா நடங்க ரவிச்சந்திரன். ஓட வேணாம்" என்றார் டாக்டர்.

"எங்கப்பா உசுரு போய்ட்டிருக்கு, மெதுவா நடக்கவா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. கோபம் வேறு.

"ஒரு பேஷண்ட், துணைக்கு ஒருத்தர். அவ்ளோதான்!" என்று ஹெலிகாப்டர்காரன் விரலைக் காட்டினான்.

அடுத்த நொடி, சுதா பையோடு படியில் கால் வைத்து உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எறங்குடி! ஒரு ஆளுதான்னு சொல்றான்ல? அப்பா கூட நான் போகணும்!"

அவள் இறங்கவில்லை. சீட்டின் கம்பியைப் பிடித்தபடி விம்மினாள்.

"டாக்டரம்மா, அவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. எறங்கச் சொல்லுங்க!"

முதல் தூறல் விழுந்தது. ஹெலிகாப்டர்காரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"அவங்கதான் துணைக்குப் போறாங்க" என்றார் கார்த்திகா.

"அப்ப நான்?"

அழகையா கண்ணைத் திறந்தார். யார் கையையும் பிடிக்காமல் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து, தரையில் திடமாகக் காலூன்றி நின்று, மகனின் தோளைப் பற்றினார்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. நேத்து நெஞ்சு வலிக்குதுன்னு உனக்கு ஈசிஜி எடுத்துட்டு, போர்ட் பிளேர் போகணும்னு டாக்டரம்மா கெஞ்சுனப்ப, அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே... ஏறிப் படு ராசா."