விடுபட்ட வரி

நூலக நிலவறையில் ஒரு நற்செய்திச் சுவடி இருந்தது. ஆட்டுத் தோலில் கிரேக்கத்தில் எழுதியது. தாழ்மையைப் பற்றி அதற்குள் பக்கம் பக்கமாக உண்டு. எழுதிய துறவி தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு வரியைத் தாண்டிவிட்டார். அந்தப் பக்கத்தை மறைப்பதே தொள்ளாயிரம் ஆண்டுகளாகச் சுவடியின் வேலை.

கண்காட்சியில் வைக்க ஒரே ஒரு சுவடியைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்தார். மற்றவை பெட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"தங்கம் பூசின பக்கத்தைக் காட்டிக்கிட்டுப் படுங்கண்ணே. மானம் போயிடப்போகுது," என்றது அட்டைக்குள் குடியிருந்த புழு.

சுவடி அப்படியே விரிந்து படுத்தது. ஆய்வாளர் தங்கத்தைச் சட்டை செய்யாமல் புரட்டிக்கொண்டே போய், அந்த வரி இல்லாத இடத்தில் நின்றார். சுவடிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இதே வரி இல்லாத பிரதி எங்களிடமும் ஒன்று இருக்கிறது. இதைப் பார்த்து எழுதியதுதான் அது. அதன் தாய் இதுதான்!" என்று அவர் குதித்தார். "இதையே வையுங்கள். இந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்."

கண்ணாடிப் பேழைக்குள் போன மறுநாள் சுவடி புழுவை மெல்லக் கூப்பிட்டது.

"தம்பி, நீ உள்ளே எல்லாம் சுத்தினவன். நம்மகிட்ட வேற தப்பு ஏதாவது தேறுமா?"